பாஞ்சாலையின் மாடி

தர்மவதி வீடுகளுக்கு பிளான் வரைகிறவள். திருவண்ணாமலையில் ஓர் இன்ஜினியரின் ஆபீசில் பதினான்கு வருடமாக அதுதான் அவளுக்கு வேலை. டேப்பை எடுத்துக்கொண்டு போய் இடத்தை அளப்பாள். திரும்பி வந்து டிரேசிங் தாளில் கோடு இழுப்பாள். இன்ஜினியர் கையெழுத்துப் போடுவார். ஊரில் எந்த வீட்டில் எத்தனை ஜன்னல், எந்தச் சுவர் யாருக்கும் யாருக்கும் பொது, எந்தத் தூணுக்கு அடியில் கல் இல்லாமல் வெறும் மண் இருக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அதனால் சென்னையிலிருந்து கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தால் இன்ஜினியர் அவளைத்தான் கூட அனுப்புவார். அவளுக்கும் அது பிடிக்கும். நாள் முழுக்கக் குனிந்து வரைகிறவளுக்கு, நிமிர்ந்து பார்க்க ஒரு நாள்.

1982ஆம் வருடம், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அன்று வந்தவர்கள் பன்னிரண்டு மாணவர்கள், ஒரு பேராசிரியர், பேராசிரியரின் அண்ணன் வேணு. வேணுவுக்கு ஐம்பது வயதிருக்கும். பாலங்கள் கட்டிக்கொண்டிருந்த இன்ஜினியர். ஆறு வருடத்துக்கு முன் வேலை நடந்த இடத்தில் பாறைக்கு வைத்த வெடி முந்திக்கொண்டு வெடித்ததில் இரண்டு கண்ணும் போய்விட்டது. தம்பியின் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு, கோடு போட்ட அரைக்கை சட்டையில், கல்யாணத்துக்கு வந்தவர் போல உற்சாகமாக நின்றார்.

"கண்ணு தெரியாதவன் எதைப் பாக்க வந்திருக்கான்னு நினைக்கிறீங்க, இல்லையா?" என்றார் தர்மவதியிடம்.

"இல்லைங்க சார்."

"நினைச்சாத் தப்பில்லம்மா. நான் காதால பாப்பேன்."

அவர் எப்படிப் பார்ப்பார் என்பது ராஜகோபுரத்து வாசலைத் தாண்டும்போதே தெரிந்துவிட்டது. கோபுரத்தின் அடியில், அந்த இருட்டான நடுவழியில் நின்று, இரண்டு கையையும் சேர்த்து ஒரு தட்டுத் தட்டினார். தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார். பிறகு, வலப்பக்கச் சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, இடப்பக்கம் எவ்வளவு, தலைக்கு மேல் எத்தனை அடி என்று கடகடவென்று சொன்னார். மாணவர்கள் சிரித்தார்கள். ஒருவன் விடாமல் டேப்பை நீட்டி அகலத்தை அளந்தான். இரண்டு அங்குலம்தான் வித்தியாசம். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. ஆயிரங்கால் மண்டபத்தில் அவரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. சின்ன மண்டபம், பெரிய பிரகாரம் என்று இடம் இடமாகக் கூட்டிக்கொண்டு போய்த் தட்டச் சொன்னார்கள். ஆறு இடத்தில் டேப்பைப் போட்டுப் பார்த்தார்கள். ஓர் இடத்திலும் மனிதர் அரை அடிக்கு மேல் தவறவில்லை. கூரை கல்லா, செங்கல்லா, மேலே சுதை பூசியிருக்கிறதா என்பதுகூட அவருக்குத் தெரிந்தது.

வெயில் ஏறியது. பிரகாரத்துக் கருங்கல்லில் கால் வைக்க முடியாமல் பிள்ளைகள் நிழலுக்கு நிழல் தாவினார்கள். மேற்கு வாசலில், பேய்க்கோபுரம் என்ற பெயரைக் கேட்டதும் ஒரு பெண், "பேய் இருக்கா மேடம்?" என்று கேட்டாள். மேல்திசைக் கோபுரம் என்பதுதான் வாயில் தேய்ந்து தேய்ந்து அப்படி ஆகிவிட்டது என்று சொல்வார்கள், வேறொன்றும் இல்லை என்று தர்மவதி வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள்.

கோயிலுக்கு வெளியே பழைய தெருக்களில் ஒரு மணி நேரம் நடந்தார்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய வீடுகள், கம்பி அழிபோட்ட முற்றங்கள், நடுவே திடீரென்று பச்சை பெயிண்டும் கிரில் பால்கனியுமாக ஒரு புது வீடு. கடைசியாகப் பார்க்க வேண்டியது ராஜமாணிக்கத்தின் லாட்ஜ். பேய்க்கோபுரத்துக்கு அடுத்த தெருவில், கட்டி முடித்து நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. மொசைக் தரை, கான்கிரீட் கூரை, மேலும் கீழுமாகப் பதினாறு அறை. பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்கள் வந்து தங்குவார்கள். பிளான் வரைந்தது தர்மவதி. பழைய ஊரைப் பார்த்தவர்கள் புதிதையும் பார்க்கட்டும் என்று, ஒவ்வொரு தடவையும் நடையை இங்கேதான் முடிக்கச் சொல்வார் இன்ஜினியர். லாட்ஜுக்காரர் எல்லாருக்கும் காபி கொடுப்பார்.

உச்சிவெயில் நேரம். ராஜமாணிக்கம் வெள்ளைச் சட்டையில் வாசலுக்கு வந்து வரவேற்றார். தட்டில் காபி வந்தது. வேணு காபியை வாங்கவில்லை. கூடத்தின் நடுவுக்கு நடந்துபோய், பழக்கப்படி கையைத் தட்டினார்.

தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்தார். மறுபடி தட்டினார்.

"என்ன சார், எத்தனை அடி?" என்றான் டேப் வைத்திருந்த மாணவன்.

"பன்னெண்டு. மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரம், நெருக்கமாப் போட்டிருக்காங்க. அதுக்கு மேல செங்கல்லை நிறுத்தி வச்சிருக்கு. நல்ல வேலை. நூறு வருஷம் இருக்கும்."

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். தலைக்கு மேல் வெள்ளையடித்த கான்கிரீட். பத்தடி உயரம். நடுவில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"அய்யாவுக்குக் களைப்பு," என்று ராஜமாணிக்கம் சிரித்தார். "இது நாலு வருஷத்துக் கட்டடங்க. எங்க வீட்ல ஒரு துண்டு மரம்கூடக் கெடையாது, கதவைத் தவிர."

"அண்ணா, உக்காரு. வெயில்ல நடந்தது," என்றார் பேராசிரியர்.

தர்மவதியின் கையிலிருந்த காபி டம்ளர் சுட்டது. அதைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. ஏனென்றால் வேணு சொன்ன கூரையை அவள் பார்த்திருந்தாள். அளந்தும் இருந்தாள். இந்த இடத்தில்தான், ஆறு வருடத்துக்கு முன்பு.

லாட்ஜுக்கு முன்னால் அங்கே ஒரு பழைய மாடிவீடு இருந்தது. ராஜமாணிக்கம் அதை வாங்கியபோது மாடியில் பாஞ்சாலை என்கிற அம்மாள் குடியிருந்தாள். புருஷனும் பிள்ளையும் இல்லாதவள், தையல் மிஷின் வைத்துப் பிழைத்தாள். இருபத்தெட்டு வருடமாக அங்கேயே இருந்தவள், போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வீடு இடிந்து விழும் நிலையில் இருக்கிறது என்று ரிப்போர்ட் இருந்தால்தான் அவளைக் காலி செய்ய வைக்க முடியும். அளக்கப் போனவள் தர்மவதி. சுவரில் மயிர்க்கோடு அளவுக்குக்கூட விரிசல் இல்லை. உத்தரத்தில் கரையான் இல்லை. பாஞ்சாலை அவளுக்கு மோர் கொடுத்தாள். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். கிளம்பும்போது, "வீடு நல்லாருக்குன்னு எழுதிடும்மா" என்றாள். தர்மவதியும் தலையாட்டினாள். ஆபீசில் இன்ஜினியர் வேறு மாதிரி சொன்னார். "விழுந்துடும்னு எழுதும்மா. நாளைக்கு நெஜமாவே விழுந்தா யார் பதில் சொல்றது?" தர்மவதி எழுதினாள். சுவர் பிதுங்கியிருக்கிறது, மாடிப்படி உளுத்துவிட்டது, மேல்தளம் எந்த நேரமும் இறங்கலாம். அவளுடைய கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள்.

பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டார். வேணு உட்காரவில்லை. "மாடிப்படி இந்தப் பக்கம்தானே?" என்று சொல்லிவிட்டு, யார் தோளையும் பிடிக்காமல் நடந்தார். படி அந்தப் பக்கம்தான். பழைய வீட்டிலும் அங்கேதான் இருந்தது. அவர் கைப்பிடியைத் தொட்டு ஏற ஆரம்பித்தார். வாய்விட்டு எண்ணினார். தர்மவதி கீழே நின்றபடி அவர் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கான்கிரீட்டில் வெறுங்கால் படும் சத்தம்தான் அவளுக்குக் கேட்டது. அவள் போட்ட பிளானில் இருபது படி. வேணுவின் கால்கள் இருபது படியும் ஏறின. அவர் வாய் பதினேழில் முடிந்தது.

"பதினேழு," என்றார் மேலிருந்து. "உறுதியாத்தான் இருக்கு. ஒம்போதாவது படி மட்டும் லேசா அமுங்குது. ஒரு ஆணி அடிச்சாப் போதும்."

ராஜமாணிக்கத்தின் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. பதினேழு படி. ஒன்பதாவது படி அமுங்கும். அளந்த அன்று பாஞ்சாலை, "அதுல பாத்து கால வைம்மா" என்று சொன்னது தர்மவதிக்கும் பாஞ்சாலைக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

பேராசிரியர் ஏறிப்போனார். மாணவர்களில் நான்கைந்து பேரும் போனார்கள். கீழே நின்ற தர்மவதிக்கு மேலே நடப்பது காதில் விழுந்தது. வேணு இடது பக்கம் திரும்பி, பதினொன்றாம் நம்பர் அறைக்கும் பன்னிரண்டாம் நம்பர் அறைக்கும் நடுவில் இருந்த வெறும் சுவருக்கு எதிரே போய் நின்றார். யாரிடமோ பேசுவது போல, "அப்படியாம்மா... இல்லம்மா, நான் வெளியூர்" என்று சொன்னார்.

"யார்கிட்டண்ணா பேசற?"

"இந்த அம்மாகிட்டத்தான். மிஷின் முன்னால உக்காந்திருக்காங்க. இந்நேரம் தச்சுக்கிட்டு இருந்தாங்க, நான் வந்ததும் நிறுத்திட்டாங்க. உனக்குக் கேக்கலையா?"

யாருக்கும் கேட்கவில்லை. வேணு மாடியிலிருந்து எட்டி, கீழே பார்த்துக் குரல் கொடுத்தார். கண் தெரியாதவரின் முகம் சரியாகத் தர்மவதி நின்ற இடத்தை நோக்கித் திரும்பியது.

"தர்மவதியம்மா! உங்களைத்தான் கேக்கறாங்க. அளந்து முடிச்சிட்டியான்னு."

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. அங்கேயே, மொசைக் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மாணவி தண்ணீர் கொண்டுவந்தாள். தர்மவதி தண்ணீரைக் குடிக்காமல், ராஜமாணிக்கம் எதிரே நிற்கும்போதே, எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

"இங்க ஒரு வீடு இருந்துச்சு. சார் சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு. நல்ல வீடு. நான்தான் கெட்டுப்போச்சுன்னு எழுதினேன்."

மறுநாள் காலை ஆபீசுக்குப் போனபோது சங்கதி அவளுக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. இன்ஜினியர் கத்தவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "மாசக் கடைசியோட நின்னுக்கம்மா" என்றார். அவளும் ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து வீட்டிலேயே, கூடத்து ஜன்னலோரம் ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டு வரைய ஆரம்பித்தாள்.

அவளுக்குப் போக வேண்டிய ஓர் இடம் இருந்தது. காலி செய்த அன்று பாஞ்சாலை கீழ்பென்னாத்தூரில் இருக்கும் தன் தங்கை காசியம்மாள் வீட்டுக்குப் போகிறாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எப்போது செத்தாள், எப்படிச் செத்தாள் என்றாவது கேட்டு வரலாம், கேட்டால் மனசு கொஞ்சம் அடங்கும் என்று நினைத்து, அடுத்த புதன்கிழமை பஸ் ஏறினாள்.

காசியம்மாள் வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். யாரம்மா என்று கேட்டாள். தர்மவதி தயங்கித் தயங்கி, "பாஞ்சாலையம்மா... எப்ப தவறினாங்க?" என்றாள்.

காசியம்மாள் கையிலிருந்த கடலையைக் கீழே போட்டாள்.

"வாய்ல நல்ல வார்த்தையே வராதா உனக்கு? எங்க அக்கா உள்ள உக்காந்துகினு இருக்கு."

பாஞ்சாலை உயிரோடுதான் இருந்தாள். உள்ளே, சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வெகுவாக இளைத்திருந்தாள். தர்மவதியை நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் கண்டுகொள்ள ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"வா. இன்னாத்துக்கு அன்னிக்கி கீழயே நின்னுட்ட? அந்தக் கண்ணு தெரியாத மனுசன்கூட ஏறி வந்தாரு. நீ மேல வரலியே."

தர்மவதி மெல்ல அவள் காலருகே உட்கார்ந்தாள். "என்னைக்கும்மா?"

"ஞாயித்துக்கெழம. உச்சிப்பொழுது. நல்ல மனுசன், மரியாதியா பேசினாரு. அவரோட நாலஞ்சு புள்ளைங்களும் வந்து நின்னாங்க. அதுங்க கண்ணுக்கு நான் தெரியல."

காசியம்மாள் வாசற்படியில் நின்று சொன்னாள். "தெனம் இப்டித்தாம்மா. சோறு தின்னதும் கண்ண மூடிக்கும். ஒரு மணி நேரம் உசுரு இருக்கா இல்லையான்னே தெரியாது. அப்புறம் எழுந்து, அங்க போனேன், மாடியில உக்காந்தேன், தச்சேன்னு சொல்லும். இங்க மிஷினே இல்ல. வந்த அன்னிக்கே வித்துட்டோம்."

"மொதல்ல கஷ்டமா இருந்துச்சு," என்றாள் பாஞ்சாலை. "பாதி வழியில தவறிடும். இப்ப நல்லா பழகிடுச்சு. கண்ண மூடினா வாசல். வாசல்ல நுழைஞ்சா படி. வீடு அப்படியே இருக்கும்மா. ஒண்ணும் இடிஞ்சு போவல."

தர்மவதி அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தான் எழுதியதைச் சொன்னாள். பாஞ்சாலை அவளைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. "தெரியும்" என்று மட்டும் சொன்னாள். பிறகு, "பொழுது சாஞ்சா நீ சாப்பிட மாட்டியே, உங்க சாதி வழக்கம். காசி, இவளுக்குச் சீக்கிரமா எதனா போடு" என்றாள். தர்மவதி சமண வீட்டுப் பெண். ஆறு வருடத்துக்கு முன், மோர் குடித்த சாயங்காலத்தில் அதைப் பேச்சுவாக்கில் சொன்னதைப் பாஞ்சாலை மறக்கவில்லை.

அதன்பிறகு மாதம் ஒரு தடவை தர்மவதி கீழ்பென்னாத்தூருக்குப் போய்வந்தாள். பழம் வாங்கிப் போவாள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். மத்தியானத்தில் பாஞ்சாலை கண்ணை மூடினால் அந்த அறையில் ஏதோ குறைந்துபோவது போல இருக்கும். சாப்பிட்ட தட்டு, நீட்டிய கால், மூச்சு எல்லாம் இருந்தும் ஆள் இல்லாதது போல. முதல் இரண்டு தடவை அதைப் பார்க்க முடியாமல் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டாள்.

அடுத்த வருடம் ஐப்பசி மழையில் காசியம்மாளின் மகன் காலை எட்டு மணிக்கு வந்து கதவைத் தட்டினான். பெரியம்மா கண்ணை மூடி இரண்டு நாள் ஆகிறது, எழுந்திருக்கவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு நாடி இருக்கிறது என்று சொன்னார். அம்மா உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னாள் என்று இழுத்தான்.

"என்ன கேக்கச் சொன்னாங்க?"

"இங்க இருந்து கூப்பிட்டா அதுக்குக் கேக்கலயாம். நீங்க அந்த லாட்ஜுல போயி கூப்பிட்டுப் பாக்கறீங்களான்னு."

தர்மவதி குடையை எடுத்துக்கொண்டு நேரே போனாள். ராஜமாணிக்கம் ஊரில் இல்லை. கூடத்தில் மேனேஜர், "ரூமா?" என்று கேட்டார். "மேல ஒருத்தரைப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு ஏறினாள். கட்டி முடித்த பிறகு அவள் அந்தப் படியில் ஏறுவது அதுதான் முதல் தடவை. அவள் காலுக்குக் கான்கிரீட்டைத் தவிர வேறொன்றும் தட்டுப்படவில்லை. மேலே மழைக்கு ஈரத்துணி காயப்போட்டிருந்தார்கள். பதினொன்றாம் நம்பர் அறையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. இரண்டு அறைக்கும் நடுவில் இருந்த வெறும் சுவருக்கு எதிரே நின்று, யாராவது பார்த்தால் பைத்தியம் என்று நினைப்பார்களே என்ற கூச்சத்தோடு, மெதுவாகக் கூப்பிட்டாள்.

"பாஞ்சாலையம்மா. தர்மவதி வந்திருக்கேன். ரெண்டு நாளாச்சு. வீட்ல தேடறாங்க, வந்துடுங்கம்மா."

சுவர் சுவராகவே இருந்தது. எதுவும் அசையவில்லை. மூன்று தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது, அவள் தோளை உரசிக்கொண்டு யாரோ இறங்கிப் போவது போல, வெதுவெதுப்பாக ஒரு காற்று கடந்து போயிற்று. மழைநாளில் அப்படி ஒரு காற்று வர வழியில்லை. அதில் ரவிக்கைக்குத் தைக்கும் புதுத்துணியின் வாசனை இருந்தது.

அவள் பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர் போய் இறங்கியபோது மணி பத்து. வாசலிலேயே காசியம்மாள் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பாஞ்சாலை காலையில் எட்டரை மணிக்குக் கண்ணைத் திறந்துவிட்டாளாம். கஞ்சி குடித்தாளாம். வீட்டில் எல்லார் முகத்திலும் சிரிப்பு.

பாஞ்சாலை சிரிக்கவில்லை. தர்மவதி பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், மற்றவர்கள் வெளியே போகும்வரை காத்திருந்தாள். பிறகு சொன்னாள்.

"அங்கயே இருந்துடலாம்னுதாம்மா ரெண்டு நாளா இருந்தேன். இனிமே வரவே வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். துணியெல்லாம் மடிச்சு வச்சேன். வெளக்குக்கு எண்ணெய் ஊத்தினேன். நீ வந்து கூப்பிட்டே." போர்வையை முழங்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ரெண்டாவது தடவையும் நீதாம்மா என்ன அந்த வீட்ட விட்டு வெளிய கூட்டிகினு வந்த."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தர்மவதிக்கு நன்றாக இருந்திருக்கும்.

1984 சித்திரையில் மறுபடி அதே போல ஆயிற்று. அந்தப் பையனே வந்தான், அதையே கேட்டான். தர்மவதி இந்த முறை லாட்ஜுக்குப் போகவில்லை. அவனோடு முதல் பஸ்ஸைப் பிடித்துக் கீழ்பென்னாத்தூருக்குப் போனாள். காசியம்மாள் அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து, காதருகே குனிந்து பெயரைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப் போயிருந்தாள்.

"அங்க போனியா? கூப்பிட்டியா?"

"இல்லக்கா. கூப்பிடாதீங்க," என்றாள் தர்மவதி. "போதும், விட்டுடுங்க. அவங்க அங்க வீட்லதான் இருக்காங்க."

காசியம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு, அக்காவின் காதருகிலிருந்து நிமிர்ந்து, தள்ளி உட்கார்ந்தாள். தர்மவதி எழுந்து, வெயில் முகத்தில் விழாமல் ஜன்னலின் ஒரு கதவை மட்டும் சாத்தினாள். இருவரும் ஆளுக்கொரு பக்கமாக, பாஞ்சாலையின் மூச்சு நிற்கும்வரை அங்கேயே இருந்தார்கள்.